சமூகக் கல்லூரி கடைசிக் கதவா?

"புள்ளி கொறைவா? கோலேஜ் கொமுனிட்டிக்குப் போ!" எஸ்.பி.எம். முடிவு வரும் நாளில் நம்மில் பலர் இப்படித்தான் சொல்கிறோம், ஆசிரியர்களே. இது வழிகாட்டல் இல்லை, தண்டனை.

2001 முதல் இயங்கும் இக்கல்லூரிகளில் கட்டணம் குறைவு. மின்சாரம், வாகனப் பராமரிப்பு, சமையல், அணிச்சல் என்று கைத்தொழிலாகவே படிக்கலாம். பக்கத்தில் இருந்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் சேர்ந்து பாதியில் நிற்பதைவிட இது மேல்.

குறையும் உண்டு. எல்லாக் கல்லூரியிலும் எல்லாத் துறையும் கிடையாது. பெரும்பாலும் கிடைப்பது சான்றிதழ்தான்; டிப்ளோமா வேண்டுமென்றால் பிறகு போலிடெக்னிக் போன்ற இடங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம். இதைச் சேரும் முன்பே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

"எத்தனை ஏ?" என்று கேட்கும் முன், "உனக்கு எந்த வேலை நல்லா வரும்?" என்று மாணவனைக் கேட்போமே!