நாடகத் தேதியும் நிலையான ஜீவனமும்

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி ஆகிய ஊர்களின் தெருக்களில் நடந்து பழகியவர்கள், நாடக நடிகர் சங்கத்தின் பெயர்ப்பலகையையும், ஏதேனும் ஒரு குறுகிய அறையின் வாசலில் தொங்கும் நாடக ஏஜெண்டின் பலகையையும் அவசியம் கண்டிருப்பார்கள். அந்த அறைக்குள் ஒரு மேசை, ஒரு தடித்த டைரி, சுவர் கொள்ளாத புகைப்படங்கள் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் இராது. ஆயினும், தை பிறந்தது முதல் ஆடி முடியும் வரை தென் மாவட்டங்களின் கிராமக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் பலவற்றுக்கு யார் ராஜபார்ட், யார் ஸ்திரீபார்ட், யார் பபூன், ஆர்மோனியத்துக்கு யார், மிருதங்கத்துக்கு யார் என்பதெல்லாம் இத்தகைய அறைகளிலேயே நிர்ணயமாகின்றன. கலைஞருக்கு வேலை தேடித் தரும் நிலையம் என்பது அயல்நாட்டிலிருந்து இறக்குமதியான புதுச் சரக்கென்று எண்ணுவோர் உண்டு. நம்மிடையே பல தலைமுறைகளாக வேரூன்றி நிற்கும் இந்த முறையின் நிறையையும் குறையையும் சீர்தூக்கிப் பார்த்தால், இடைநின்று வேலை தேடித் தருபவரால் ஒரு கலைஞருக்கு எது கிட்டும், எது கிட்டாது என்பது ஒருவாறு புலப்படும்.

இதன் இயல்பை அறிய வேண்டுமானால், இது எதற்கு மாற்றாக நின்றது என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிய காலத்தில், நாடகக்காரனுக்கு நிலையான வேலை என்றால் கம்பெனி வாழ்க்கை என்றே பெரிதும் பொருள்பட்டது. பால்மணம் மாறாத சிறுவர்களைப் பெற்றோரிடமிருந்து ஏற்று, உண்டியும் உடையும் அளித்து, பாட்டையும் வசனத்தையும் கண்டிப்புடன் கற்பித்து, ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனிகளிலிருந்துதான் டி. கே. சண்முகம், எம். ஜி. ஆர்., சிவாஜி கணேசன் முதலியோர் உருவானார்கள். அங்கே வேளா வேளைக்குச் சோறு உண்டு. நினைத்த நாளில் வெளியேறும் சுதந்திரம் அரிது. ஸ்பெஷல் நாடகமோ இதற்கு நேர்மாறானது. அதில் கம்பெனியும் இல்லை, முதலாளியும் இல்லை, ஒத்திகையும் இல்லை. வெவ்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு பஸ்களில் வந்திறங்கும் தனித்தனிக் கலைஞர்கள், சாயங்காலம் மேடைக்குப் பின்னே ஒருவரையொருவர் கண்டு வணங்கி, இரவு பத்து மணிக்குத் தொடங்கி மறுநாள் பொழுது புலரும் வரை ‘வள்ளி திருமணம்’ நடத்தி முடித்துப் பிரிந்து போகிறார்கள்.

அத்தகைய அதிசயம் எவ்வாறு சாத்தியமாகிறது? சுவாமிகளும் அவர் வழிவந்தோரும் ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘கோவலன்’ போன்ற நாடகங்களை எல்லாக் கலைஞர்களுக்கும் பொதுச் சொத்தாக விட்டுச் சென்றமையால் அது சாத்தியமாகிறது. மதுரை முருகனும் புதுக்கோட்டை வள்ளியும் அதற்கு முன் சந்தித்திராவிட்டாலும், எந்தப் பாட்டுக்குப் பின் எந்தத் தர்க்கம் என்பதை இருவரும் அறிவார்கள். இதிலிருந்து ஒரு பொது உண்மை பெறப்படுகிறது: கலைஞர்களிடையே பொதுவான பாடமும் மரபும் எங்கே உறுதியாக இருக்கின்றனவோ, அங்கேதான் ஒருவருக்கு வேலை தேடித் தருவதும், ஒருவர் வர இயலாதபோது மற்றொருவரை அனுப்புவதும் எளிதாகும். வேலை தேடித் தருபவரின் சாமர்த்தியத்துக்கு அடிப்படை, அவர் பிறப்பதற்கு முன்பே பிறர் பாடுபட்டுச் சேர்த்துவைத்த வித்தையே ஆகும்.

இனி அந்த அறையின் காரியத்தைச் சற்று அணுகிக் காண்போம். பங்குனிப் பொங்கலுக்கு நாடகம் வைப்பதென்று முடிவு செய்த ஒரு கிராமத்திலிருந்து, தலைக்கட்டு வரியாகத் திரட்டிய பணத்தில் ஒரு பகுதியை மடியில் முடிந்துகொண்டு, நாலைந்து பெரியவர்கள் வந்து உட்காருகிறார்கள். ஏஜெண்டு அவர்களுக்குத் தேநீர் வரவழைத்து, சங்கத்தார் அச்சிட்ட காலண்டரை எடுத்து நீட்டுகிறார். அதில் வரிசை வரிசையாகக் கலைஞர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும் இருக்கின்றன. “போன வருஷம் ஸ்திரீபார்ட் எடுத்தாங்களே, அந்த அம்மாதான் வேணும்” என்கிறார் ஒருவர். “தர்க்கம் நல்லாப் பேசணும்ணே, எங்க ஊர்ல கேக்குறதுக்கு ஆள் இருக்கு” என்கிறார் மற்றொருவர். ஏஜெண்டு கைப்பேசியில் அழைத்து, அந்த அம்மையாரின் தேதி காலியாக இருக்கிறதா என்று விசாரித்து, டைரியில் குறித்து, முன்பணத்தை வாங்கி, நோட்டீஸ் அடிக்கக் கலைஞர்களின் படங்களை அச்சகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறார். அரை நாளில் ஏழெட்டுக் குடும்பங்களுக்கு ஓர் இரவின் வருமானம் உறுதியாகிவிடுகிறது.

இதன் அனுகூலங்களை அற்பமாக எண்ணலாகாது. முதலாவதாக, பஸ் நின்று செல்லும் சாலையிலிருந்து மூன்று மைல் உள்ளே இருக்கும் ஒரு சிற்றூர், தனக்கேற்ற கலைஞரைத் தானே கண்டுபிடிப்பது அரிது. கலைஞரும் ஊர் ஊராகச் சென்று கோயில் வாசலில் நின்று வேலை கேட்பது இயலாத காரியம். இரண்டாவதாக, ஏஜெண்டு இரு தரப்புக்கும் பிணையாக நிற்கிறார். நடிகர் வராவிட்டால் ஊருக்கும், ஊர் பணம் தராவிட்டால் நடிகருக்கும் அவரே பதில் சொல்ல வேண்டியவர். மூன்றாவதாக, முன்பின் அறியாத ஆடவர்களுடன் நேரே நின்று விலை பேசும் சங்கடத்திலிருந்து பெண் கலைஞர்களுக்கு இம்முறை ஓரளவு விடுதலை அளிக்கிறது. மேடையேறும் பெண்ணை இழிவாகப் பேசும் வழக்கம் இன்னும் மறையாத சமூகத்தில் இது சிறு நன்மையன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, கலைஞர் தம் தேதிக்குத் தாமே அதிபதியாக இருக்கிறார். ஓர் ஏஜெண்டு பிடிக்கவில்லையானால் மற்றொருவரிடம் தேதி கொடுக்கலாம் என்ற சுதந்திரம், கம்பெனி நாட்களில் கனவிலும் கிட்டாதது.

ஆனால், இந்தச் சுதந்திரத்தின் மறுபுறத்தையும் நாம் புரட்டிப் பார்க்க வேண்டும். புதுக்கோட்டைச் சீமையிலுள்ள ஒரு சிற்றூரில், மங்களம் பாடி முடிந்த விடியற்காலையில், ஒரு முதிய ஆர்மோனியக்காரர் தம் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு புளியமரத்தடியில் முதல் பஸ்ஸுக்காகக் காத்திருந்ததைப் பார்த்தேன். கையிலிருந்த நோட்டுகளை இருமுறை எண்ணி, சட்டைப் பையில் வைத்தார். ஊரார் மொத்தமாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டேன். “அது நமக்குத் தெரியாதுங்க, நம்ம சம்பளம் வந்துருச்சு, அவ்வளவுதான்” என்றார். குறைகூறும் தொனி அவர் குரலில் இல்லை. அந்த அமைதியே என் நெஞ்சை உறுத்தியது. ஊர் கொடுத்த தொகை ஒன்று, கலைஞர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட தொகை ஒன்று. இடையிலுள்ள தூரம் எவ்வளவென்று, இரவெல்லாம் விரல் நோக வாசித்தவருக்கே தெரியாது. தரகு பெறுவது குற்றமன்று, உழைத்தவர் கூலி பெறத்தான் வேண்டும். அதன் அளவை மறைத்து வைப்பதே குற்றம்.

இரண்டாவது குறை, தேர்வு நடக்கும் விதத்தில் இருக்கிறது. குரலை நேரில் கேட்காமல் படத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, இளமையும் ஒப்பனையும் முன்னுக்கு வந்து ஞானம் பின்னுக்குத் தள்ளப்படுவது இயல்பு. ஐம்பது வயதைத் தாண்டிய ஸ்திரீபார்ட் நடிகையின் தேதிகள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போவதற்கு, அவருடைய வித்தை குறைந்தது காரணமன்று. மேலும், ஊர் இளைஞர்கள் இரட்டை அர்த்தப் பேச்சை விரும்புகிறார்கள் என்று ஏஜெண்டு கருதிவிட்டால், அந்த விருப்பம் அவர் வாய்வழியாகவே கலைஞருக்கு ஒரு நிபந்தனையாக வந்து சேருகிறது. அதற்கு இணங்காதவரின் பெயரை அடுத்த முறை அவர் எடுத்துச் சொல்லாமல் விட்டால் போதும்.

மூன்றாவது குறையே தலையாயது. ஏஜெண்டு இரவுகளை ஏற்பாடு செய்கிறார். ஆண்டை அவர் ஏற்றுக்கொள்வதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்துகொண்டிருக்கும்போது டைரியின் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அந்த மாதங்களில் வட்டிக்கு வாங்கும் கடன், வரவிருக்கும் பங்குனியின் ஊதியத்தை முன்னதாகவே தின்றுவிடுகிறது. நோயுற்றாலும், இரவுப் பிரயாணத்தில் விபத்து நேர்ந்தாலும், இழப்பு முழுவதும் கலைஞரையே சேரும். அன்றியும், வாய்ச்சொல்லிலும் பிறர் டைரியிலுமாக நடந்த இருபது வருஷ உழைப்புக்குக் கலைஞர் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இராது. நலிந்த கலைஞர் உதவித்தொகை கோரியோ, வங்கிக் கடன் கேட்டோ போகும்போது, “நீங்கள் கலைஞர் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்ற கேள்வி, ஆயிரம் இரவுகள் மேடையில் நின்றவரைத் தலைகுனிய வைக்கிறது.

அப்படியானால் அரசாங்கமே இப்பணியை ஏற்கலாகாதா என்ற கேள்வி எழும். நம் நாட்டு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945-இல், யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தருவதற்காகத் தொடங்கியவை; 1959-ஆம் ஆண்டுச் சட்டமோ, தனியார் துறையில் இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்களையே காலியிடங்களை அறிவிக்கும்படி பணித்தது. கோயில் கமிட்டி அத்தகைய ஸ்தாபனமும் அன்று. பதிவு மூப்பைக் கொண்டு ராஜபார்ட்டைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. ஆயினும் இது இயலாத காரியமன்று என்பதற்கு ஜெர்மனி சாட்சி. அங்கே அரசாங்க வேலைவாய்ப்பு நிறுவனத்துக்குள்ளேயே கலைஞர்களுக்கென்று தனிப்பிரிவு ஒன்று இயங்குகிறது. அரங்கக் கலையை அறிந்தவர்கள் கலைஞரைப் பாடவும் நடிக்கவும் செய்து, நேரில் கேட்டும் கண்டும் மதிப்பிட்டு, கட்டணமின்றி இடம் தேடித் தருகிறார்கள். பிரான்ஸிலோ, ஏஜெண்டு பெறும் தரகு சாதாரணமாக நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாது என்று விதி செய்ததோடு, ஓராண்டில் 507 மணி நேரம் வேலை செய்த மேடைக் கலைஞருக்கு, வேலையற்ற நாட்களில் உதவித்தொகை பெறும் உரிமையையும் அளித்திருக்கிறார்கள். தேடித் தருவது ஒரு காரியம், தாங்கி நிற்பது வேறொரு காரியம் என்பதையும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதையும் உணர்ந்து செய்த ஏற்பாடுகள் இவை. இவற்றை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து நடுவது நம் மண்ணுக்கு ஒவ்வாது. ஆனால் அவற்றின் உட்கருத்து நமக்கும் உரியதே.

நம்மிடம் ஏற்கெனவே சங்கங்கள் இருக்கின்றன. காலண்டர் அச்சிடுவதும், ஊருக்கும் நடிகருக்கும் இடையே எழும் வழக்குகளைப் பேசித் தீர்ப்பதும் அவர்களுக்குப் பழகிய காரியங்கள். இவற்றோடு இன்னும் ஒன்றை அவர்கள் ஏற்க வேண்டும் என்பது என் துணிபு. நாடகம் ஒன்றுக்கு ஒரு சீட்டு. அதில் ஊரின் பெயர், தேதி, ஊர் கொடுத்த மொத்தத் தொகை, ஏஜெண்டின் தரகு, ஒவ்வொரு கலைஞரின் ஊதியம். மூன்று பிரதிகளில் ஒன்று கலைஞரின் கையில். தரகு வெளிப்படையானால் அதற்கு ஒரு வரம்பும் தானே வந்து அமையும். ஊர் கொடுத்த மொத்தத் தொகையில் ஒரு சிறு பங்கைப் பிடித்து மழைக்கால நிதியாகச் சேர்த்தால், வட்டிக்காரரின் வாசலை மிதிக்கும் அவசியம் குறையும். தேதி குறைந்துபோன மூத்த கலைஞர்களை, புதியவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களாக ஊதியத்துடன் அமர்த்தினால், இம்முறைக்கே ஆதாரமான பொதுப் பாடம் அழியாமல் நிற்கும். அது அழிந்துவிட்டால், பிறகு எந்த ஏஜெண்டும் யாருக்கும் வேலை தேடித் தர இயலாது.

இளங்கலைஞர்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. ஓர் ஏஜெண்டின் தயவையே நம்பியிராமல் பலரிடமும் நல்லுறவு கொள்ளுங்கள். கொடுத்த தேதியை எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். போன ஊர், வாங்கிய பணம், நடித்த வேஷம் ஆகியவற்றை அன்றன்றே எழுதி, அடித்த நோட்டீஸையும் அதோடு சேர்த்து வையுங்கள். ஏஜெண்டின் மேசையில் ஒரு டைரி இருப்பதைப் போல, அந்த ஆர்மோனியக்காரரின் பெட்டிக்குள்ளும் ஒரு டைரி இருந்திருக்குமானால், ஊர் எவ்வளவு கொடுத்தது என்று கேட்கும் வழக்கமும் அவரிடம் என்றோ பிறந்திருக்கும்.