48 கட்டத்துக்குள் ஒரு கடல்

லித்தியம் தேடி இரண்டு நாளாக அலைந்துகொண்டிருந்தேன். கடைசியில் மலைப் பகுதியின் சரிவில் ஒரு ஷேல் கட்டி கண்ணில் பட்டது. சீமாத் என்ற சிறு நீர்மூழ்கி வண்டியை விட்டு இறங்கி, நீந்திப் போய் ஓர் அடி கொடுத்தேன். கட்டி உடைந்தது. உள்ளே இருந்தது லித்தியம்தான். எடுக்கப் போனால் பையில் இடமில்லை என்கிறது திரை. பையைத் திறந்தேன். பாதிக்கு மேல் டைட்டேனியம். ஒரு வரிசை முழுக்கக் குவார்ட்ஸ். எதற்கென்றே தெரியாமல் வழியில் பொறுக்கிய உப்பு நான்கு. எதைத் தூக்கிப் போடலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே "முப்பது விநாடி" என்று எச்சரிக்கைக் குரல் கேட்டுவிட்டது. பையைத் திறந்து வைத்திருக்கும் நேரத்திலும் மூச்சு குறைந்துகொண்டேதான் இருக்கும். உப்பில் ஒன்றை வீசிவிட்டு லித்தியத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் பாய்ந்தேன்.

சப்நாட்டிகா விளையாடியவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு கணம் வாய்த்திருக்கும். அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் 2014 டிசம்பரில் முன்னோட்டமாக விட்டு, மூன்று ஆண்டுகள் செதுக்கி, 2018 ஜனவரியில் முழுமையாக வெளியிட்ட கேம் இது. அரோரா என்ற விண்கப்பல் 4546பி என்ற கடல் நிறைந்த கோளில் விழுகிறது. லைஃப்பாட் 5 என்ற சின்னக் கூண்டில் நாம் உயிர் தப்புகிறோம். அதன்பிறகு சாப்பாடு, தண்ணீர், மூச்சு, இருப்பிடம் எல்லாவற்றையும் கடலிலிருந்தே தேடிக்கொள்ள வேண்டும். ராட்சதப் பிராணிகளைப் பற்றியும் இருட்டைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது பையைப் பற்றி. என் அனுபவத்தில், இந்தக் கேமில் நம் ஒவ்வொரு பயணத்தின் நீளத்தையும் தீர்மானிப்பது அந்தப் பைதான்.

பையில் கிடைமட்டமாக 6, செங்குத்தாக 8, மொத்தம் 48 கட்டங்கள். டைட்டேனியம் ஒன்றுக்கு ஒரு கட்டம். இரண்டு டைட்டேனியத்துக்கு இரண்டு கட்டம். ஒரே பொருளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் பேச்சே கிடையாது. ராஃப்ட் போன்ற மற்றொரு கடல் கேமில் 20 பலகையை ஒரே கட்டத்தில் போட்டுக்கொள்ளலாம். இங்கே அந்தச் சலுகை இல்லை. பெரிய பொருள்கள் இன்னும் அதிகம் கேட்கும். கையில் பிடித்து நீந்தும் சீகிளைடுக்கு 6 கட்டம். உபரி ஆக்ஸிஜன் தொட்டி ஒன்றை எடுத்துப் போனால் அதற்கும் 6. வண்டி கட்டும் மிதவைத் தளத்தை மடித்து எடுத்துப் போனால் 9. உடலில் மாட்டியிருக்கும் உடை, துடுப்புக் காலணி, தொட்டி இவற்றுக்கு மட்டும் தனி இடம் உண்டு. அவை பையைத் தொடாது.

பொருள்களை எங்கே வைப்பது என்பது நம் கையில் இல்லை. பெரியதை முன்னாலும் சிறியதைப் பின்னாலுமாகக் கேமே அடுக்கிவிடும். ரெசிடென்ட் ஈவில் 4 விளையாடியவர்களுக்குத் தெரியும், அதில் பெட்டிக்குள் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பி வைத்து இடம் பண்ணுவதே ஒரு தனி விளையாட்டு. சப்நாட்டிகா அந்த வேலையை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது சரியான முடிவு. 45 விநாடி மூச்சோடு கடலுக்குள் இறங்குகிற ஆளுக்கு அடுக்கிப் பார்க்க நேரம் ஏது? எதை எடுப்பது, எதை விடுவது என்ற ஒரே கேள்வி மட்டும் நமக்கு மிஞ்சுகிறது.

புதிதாக ஆடுபவர்கள் எல்லோரும் செய்கிற முதல் தவறு, கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளுவது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். அரோராவிலிருந்து சிதறிக் கிடக்கும் பழைய உலோகத் துண்டுகளைப் பார்த்தால் விட மனம் வராது. ஒரு துண்டை, பொருள் செய்து தரும் எந்திரமான ஃபேப்ரிகேட்டரில் போட்டால் 4 டைட்டேனியம் கிடைக்கும். ஆனால் அந்தத் துண்டு பையில் அடைப்பதும் இரண்டுக்கு இரண்டு, அதாவது 4 கட்டம்தான். இடக் கணக்கில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. சுண்ணாம்புக் கட்டியை உடைத்தால் டைட்டேனியம் வரலாம், தாமிரம் வரலாம். உடைத்தபின் வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றால் அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். உடைத்ததாலேயே எடுத்தாக வேண்டும் என்பதில்லை. இது எனக்கு உறைக்கவே பத்து மணி நேரம் ஆனது.

சாப்பாட்டிலும் இதே கதை. சமைத்த மீனை நாலைந்து எடுத்துப் போனால் நாலைந்து கட்டம் போகும். போதாததற்கு அது கெட்டும் போகும். உப்பிட்டுப் பதப்படுத்திய மீன் கெடாது, ஆனால் தாகத்தைக் கூட்டும். வெப்பக் கத்தி கிடைத்தபிறகு நான் சாப்பாடு சுமப்பதையே நிறுத்திவிட்டேன். அந்தக் கத்தியால் வெட்டினால் மீன் அந்த இடத்திலேயே வெந்துவிடும். பசித்தபோது பக்கத்தில் நீந்துகிற மீனைப் பிடித்தால் போதும்.

இடப் பிரச்சினை முற்றிப் போவது சைக்ளாப்ஸ் கட்டும் கட்டத்தில். 54 மீட்டர் நீளமுள்ள நீர்மூழ்கிக் கப்பல் அது. அதன் பொருள் பட்டியலைப் மூலப்பொருள்களாகப் பிரித்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பிளாஸ்டீல் கட்டி மூன்று வேண்டும். ஒவ்வொன்றுக்கும் டைட்டேனியம் 10, லித்தியம் 2. அதிலேயே 36 போய்விட்டது. எனாமல் கண்ணாடி மூன்று; அதற்குக் குவார்ட்ஸ் 6, ஸ்டாக்கர் என்ற பிராணியின் பல் 3. ஈயம் 3. உயர்தர ஒயரிங் கிட் ஒன்று. அதை அக்கக்காகப் பிரித்தால் வெள்ளி 2, தங்கம் 3, தாமிரம் 2, மேசைப் பவளத் துண்டு 2, ஆக 9. கூட்டினால் 57 கட்டம். உயவு எண்ணெய்க்கான விதைக்கொத்தை இன்னும் சேர்க்கவில்லை. பையில் இருப்பதோ 48. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எடுத்துப் போக முடியாது.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் கேமின் கணக்கு எனக்குப் பிடிபட்டது. மூலப்பொருளாகச் சுமப்பவனுக்குப் பை எப்போதும் போதாது. செய்து முடித்த பொருளாகச் சுமந்தால் தாராளமாகப் போதும். அந்த ஒயரிங் கிட்டின் 9 கட்டம், செய்து முடித்ததும் ஒரே கட்டமாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே எங்கே போனாலும் ஃபேப்ரிகேட்டர் கூடவே வர வேண்டும். அதைக் கட்ட டைட்டேனியம் ஒன்று, தங்கம் ஒன்று, மேசைப் பவளத் துண்டு ஒன்று போதும். தொலைவான இடங்களில் ஒரு குழாய் அறையும் ஒரு ஃபேப்ரிகேட்டரும் போட்டு வைத்தேன். அங்கேயே பொருளைச் சுருக்கிக்கொண்டு திரும்புவேன். வேலை முடிந்ததும் அந்த அறையைப் பிரித்துவிட்டால் போட்ட பொருள் முழுவதும் கைக்கே திரும்பிவிடும். கட்டுமானக் கருவியின் இந்தத் தாராளத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இனி வண்டிகள். சீமாத்தில் மேம்பாட்டுக்கு நான்கு இடம் உண்டு. சேமிப்பு மாட்யூல் ஒன்று மாட்டினால் நாலுக்கு நாலு, 16 கட்டம் கூடும். மாட்யூலின் விலை டைட்டேனியம் கட்டி ஒன்றும் லித்தியம் ஒன்றும். நான்கு இடத்தில் ஒன்றை ஆழத்துக்கான மாட்யூலுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் 200 மீட்டரைத் தாண்ட முடியாது. மிச்ச மூன்றிலும் சேமிப்பு மாட்டினால் சரியாக 48 கட்டம். முதுகில் இன்னொரு பை மாட்டிக்கொண்டது போல! கேமின் முதல் பாதியில் இதைவிட நல்ல முதலீடு வேறு கிடையாது என்பேன்.

அதே சேமிப்பு மாட்யூலை, கடலடியில் நடக்கும் எந்திர உடையான பிரான் சூட்டில் மாட்டினால் கிடைப்பது ஒரே ஒரு வரிசை, 6 கட்டம். இது பலருக்குத் தெரிவதில்லை. பிரான் சூட்டுக்குப் பிறவியிலேயே 24 கட்டம் இருக்கிறது. துளைக்கருவிக் கையை மாட்டிப் பெரிய தாதுப் பாறையைக் குடைந்தால் பொருள் நேராக அந்த 24-க்குள் வந்து விழும். குடைய ஆரம்பித்தால் அது நிறைவதற்கு அதிக நேரம் பிடிக்காது என்பதும் உண்மைதான். இருந்தாலும் 6 கட்டத்துக்காக ஒரு மேம்பாட்டு இடத்தைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. அந்த இடத்தைத் தாவும் ஜெட்டுக்குக் கொடுங்கள். நிறைந்ததும் சைக்ளாப்ஸுக்குத் திரும்பி இறக்கிவிட்டு மறுபடி போனால் போதும்.

வண்டியில் சேர்த்து வைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. அரோராவின் பின்பக்கம் ரீப்பர் என்ற ராட்சதப் பிராணி திரிகிற கலங்கலான நீரில் என் சீமாத் நொறுங்கியது. அதோடு மூன்று பெட்டிச் சரக்கும் போனது. அந்த இழப்புக்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முக்கியமான பொருள் எதுவும் சீமாத்தில் ஓர் இரவு தங்கக்கூடாது.

சைக்ளாப்ஸ் வந்துவிட்டால் நெருக்கடி முக்கால்வாசி தீர்ந்தது. கப்பலோடு ஐந்து லாக்கர் வரும். ஒவ்வொன்றிலும் 18 கட்டம், ஆக 90. அதற்கு மேல் உள்ளே சும்மா கிடக்கும் சுவர்களிலெல்லாம் நாமே லாக்கர் கட்டிக்கொள்ளலாம். நான் கீழ்த்தளத்தில் ஒரு சிறு தோட்டத் தொட்டியும் ஒரு ஃபேப்ரிகேட்டரும் வைத்தேன். அதன்பின் பல நாள் வீட்டுப் பக்கமே போகவில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சுவர் லாக்கருக்கு டைட்டேனியம் 2. தருவது 30 கட்டம். நிற்கும் பெரிய லாக்கர் தருவது 48. கணக்குப்படி பெரியதுதான் லாபம். ஆனால் நான் பரிந்துரைப்பது சுவர் லாக்கரை. அதன் முகப்பில் பெயர் எழுதலாம், எழுத்தின் நிறத்தை மாற்றலாம். பெரிய லாக்கரில் பெயர் எழுத வழி இல்லை. ஒரே மாதிரி நிற்கும் ஆறு பெரிய லாக்கருக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகத் திறந்து வெள்ளியைத் தேடியவர்களுக்குத் தெரியும் அந்த எரிச்சல்.

முதலில் எல்லோரையும் போல உலோகம், கனிமம், செடி என்று இனவாரியாகப் பிரித்து வைத்தேன். நடைமுறையில் அது சரிப்படவில்லை. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் மஞ்சள்தூளும் ஒன்றாக இருப்பது அவை ஓர் இனம் என்பதாலா? தாளிக்கும்போது ஒன்றாகக் கை போகும் என்பதால்தானே. அதே முறைக்கு மாறினேன். ஃபேப்ரிகேட்டருக்கு வலது கைப்பக்கம் முதல் லாக்கரில் தாமிரம், வெள்ளி, தங்கம், மேசைப் பவளம். மின் சாமான் செய்ய நிற்கும்போது இந்த நான்கும்தான் வேண்டும். இரண்டாவதில் டைட்டேனியமும் குவார்ட்ஸும். இடப்பக்கம் பேட்டரி, மருந்துப் பெட்டி, தண்ணீர், கிளம்பும்போது எடுப்பவை. கதவுக்குப் பக்கத்தில் எப்போதும் காலியாக ஒரு லாக்கர். திரும்பி வந்ததும் பை முழுவதையும் அதில் கொட்டிவிட்டு, மூச்சு வாங்கியபிறகு பிரித்து வைப்பேன். அந்தக் காலி லாக்கர் ஒன்றுதான் என் வீட்டையே ஒழுங்குக்குக் கொண்டுவந்தது.

இவ்வளவு சொன்னபின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஃபேப்ரிகேட்டர் நம் பையிலிருந்து மட்டுமே பொருள் எடுக்கும். ஒரு சாண் தூரத்தில் லாக்கர் நிறையத் தாமிரம் இருந்தாலும் அதற்குக் கண் தெரியாது. ஒரு கணினிச் சிப் செய்ய வேண்டுமானால் லாக்கரைத் திற, எடு, மூடு, இன்னொன்றைத் திற, எடு, மூடு, பிறகு ஃபேப்ரிகேட்டருக்கு வா. ஒன்றை மறந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து. கடலுக்குள் இடம் குறைவாக இருப்பதில் ஒரு பொருள் இருக்கிறது. ஆழத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலை இருப்பதால்தான் அங்கே எடுக்கும் முடிவுக்கு எடை வருகிறது. மூச்சுக்கும் உயிருக்கும் பயமில்லாத வீட்டுக்குள் அதே நெருக்கடியைத் தொடர்வதால் ஆட்டம் எந்த வகையிலும் செழிக்கவில்லை. கணினியில் ஆடுபவர்கள் ஈஸிகிராஃப்ட் என்ற மாட் (ரசிகர்கள் செய்த கூடுதல் நிரல்) போட்டுக்கொண்டால் பக்கத்து லாக்கர்களிலிருந்தும் பொருள் எடுத்துக்கொள்ளும். ஒரு முறை மாட் இல்லாமல் ஆடி முடித்துவிட்டு, இரண்டாம் முறை தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

2021 மே மாதம் வந்த அடுத்த பாகமான பிலோ ஸீரோவில் இதே பை, இதே 48 கட்டம். ஆனால் இரண்டு நல்ல மாற்றங்கள் உண்டு. செய்ய நினைக்கும் பொருளின் பட்டியலைத் திரையோரத்தில் குத்தி வைக்கலாம்; என் தாளுக்கு வேலை போய்விட்டது. மற்றொன்று குவாண்டம் லாக்கர். எங்கே எத்தனை கட்டினாலும் எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரே 16 கட்டம்தான். இங்கே போட்டதை அங்கே எடுக்கலாம். வெறும் 16 என்று முகம் சுளிக்க வேண்டாம். பேட்டரி, மருந்து, அரிய தாது இவை மட்டும் அதில் இருந்தால் போதும்.

என் தீர்ப்பு இது. சப்நாட்டிகாவின் சிறிய பை, அந்தக் கேமின் மிகச் சிறந்த வடிவமைப்பு முடிவுகளில் ஒன்று; ஃபேப்ரிகேட்டரின் குருட்டுத்தனம் அதன் மோசமான முடிவுகளில் ஒன்று. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பை பெரிதாகும் மாட் எதையும் முதல் நாளே தேடிப் போக வேண்டாம். முதல் வீட்டைக் கட்டியதும், அலங்காரத்துக்கு முன்னால், நான்கு சுவர் லாக்கர் மாட்டுங்கள். செலவு 8 டைட்டேனியம். நான்காவதைக் காலியாக விடுங்கள்.