இம்போசிஷன்: ஒரு சொல்லும் ஒரு செம்புத் தண்ணீரும்

போன மாதம் நண்பர் ஒருவர் தான் மொழிபெயர்த்த ஆங்கிலச் சிறுகதையைப் பார்த்துத் தரும்படி அனுப்பியிருந்தார். மழையில் நனைந்து வந்த கிழவியை, ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள் என்கிறார் வீட்டுக்காரர். அதற்கு அவள், "நான் திணிக்க விரும்பவில்லை" என்கிறாள். எதைத் திணிக்க? மூலத்தைப் புரட்டினேன். 'இம்போஸ்' என்று இருந்தது. அகராதிப்படி தவறே இல்லை. கிழவிதான் தமிழுக்கு வந்து சேரவில்லை.

நண்பரை மட்டும் குறை சொல்ல முடியாது. இம்போசிஷன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பள்ளிக்கூடம். குடவாசலில் படித்த யாரையும் கேளுங்கள். "நாளைக்கு வரும்போது நூறு தடவ இம்போசிஷன் எழுதிட்டு வா" என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்பட்டதில்லை. 'இனிமேல் நான் வீட்டுப்பாடம் செய்யாமல் வர மாட்டேன்.' இதை யார் வரிசையாக எழுதினார்கள்? முதலில் 'இனிமேல்' மட்டும் மேலிருந்து கீழே, நாற்று நடுகிற மாதிரி. அப்புறம் 'நான்'. கெட்டிக்காரப் பையன்கள் இரண்டு பேனாவை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொள்வார்கள். 'மாட்டேன்' என்ற பத்திக்கு வரும்போது தூக்கம் சொக்கும். நூறு முறை சத்தியம் செய்தும் ஒரு முறைகூட முழு வாக்கியத்தை நினைத்ததில்லை. இந்தத் தண்டனையை ஆங்கிலேயர் 'லைன்ஸ்', வரிகள், என்றும் சொல்வார்கள். அரசு விதிக்கும் வரிக்கும் அவர்களிடம் இம்போசிஷன் என்ற பெயர் உண்டு. நமக்கு எழுதுகிற வரியும் கட்டுகிற வரியும் ஒரே சொல். தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கலாம்.

இன்னொரு பொருளுக்கு நாம் உயிரையே கொடுத்திருக்கிறோம். 1938இல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்துச் சிறை சென்ற நடராசன் 1939 ஜனவரியிலும், தாளமுத்து மார்ச்சிலும் இறந்தார்கள். தாளமுத்து கும்பகோணத்துக்காரர், எங்களுக்குப் பக்கத்து ஊர். 1940இல் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 'இந்தித் திணிப்பு' என்ற சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. லத்தீன் வேரின்படி இம்போசிஷன் என்றால் மேலே வைப்பது, தலையில் சுமத்துவது. தமிழ் அதை உள்ளே செலுத்துவதாக மாற்றியது. நிறைந்த சாக்கில் மேலும் நெல்லை அமுக்குவதுதான் திணிப்பது. புறநானூற்றின் இரண்டாம் பாட்டு மண் செறிந்த நிலத்தைச் சொல்ல இதே வினையை எடுத்துக்கொள்கிறது. அங்கே அதில் வன்முறை இல்லை. இன்று விமர்சகர்கள் நாங்களும் 'வலிந்து திணிக்கப்பட்ட பாத்திரம்' என்று வாரம் ஒருமுறை எழுதிச் சொல்லைத் தேய்க்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன்.

கதையில் வரும் கிழவிக்கு இந்த இரண்டும் ஆகாது. தன் தேவை அடுத்தவர் தலையில் சுமையாக ஏறுகிறதே என்ற கூச்சம் அவளுடையது. அதற்குத் தமிழில் சொல் இல்லை என்றார் நண்பர். அந்த உணர்வைத் தமிழில் மிகக் கடுமையாகச் சொன்ன பாட்டு எங்கள் ஊரோடு சேர்ந்தது என்றேன்.

புறநானூறு 74. சோழன் செங்கணானிடம் தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான் என்கிறது பாட்டின் அடிக்குறிப்பு. குடவாயில்தான் குடவாசல் என்பது பரவலான கருத்து. அவன் தண்ணீர் கேட்கிறான். உடனே தரவில்லை, பிறகு தருகிறார்கள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், இந்தப் பாட்டைச் சொல்லிவிட்டு இறந்துபோகிறான். இதை மான உணர்ச்சிப் பாட்டாகவே பள்ளியில் நடத்துவார்கள். குழந்தை இறந்து பிறந்தாலும், வெறும் தசைப்பிண்டமாகப் பிறந்தாலும், வாளால் கீறிப் புதைக்கும் குடி என்ற பெருமையில் பாட்டு தொடங்குவதால் அப்படிப் படிக்கிறோம். எனக்கு அது பாதி வாசிப்பு. சங்கிலியில் கட்டிய நாய் போல வைத்த பகைவனை அவன் ஏசவே இல்லை. வயிற்றுத் தீ தணிய வாய்விட்டுக் கேட்டுவிட்டோமே என்றுதான் குமைகிறான். தோல்வியைத் தாங்கியவனால் கேட்டதைத் தாங்க முடியவில்லை. பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டதாக இன்னொரு கதையும் உண்டு. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை இல்லை.

அம்மா குடவாசலில் தனியாக இருந்தவரை, சென்னைக்கு வாம்மா என்று கூப்பிடும்போதெல்லாம் "நான் எதுக்குப்பா உங்களுக்குப் பாரமா" என்பாள். கடைசி வருடம் வேறு வழியில்லாமல் வந்தாள். ராத்திரி இருமல் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் செம்பு காலியாக இருக்கும். "கூப்பிட வேண்டியதுதானேம்மா?" "தூங்கிட்டிருந்தே, ஒனக்கு ஏன் செரமம்." எனக்குக் கோபம்தான் வரும். பெற்ற பிள்ளையிடம் தண்ணீர் கேட்க என்ன கூச்சம் என்று கத்தியும் இருக்கிறேன். அவள் கேட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து கொடுத்திருப்பேனா என்பதை அப்போது யோசிக்கவில்லை.

நண்பரின் கைப்பிரதியில் அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் "ஒங்களுக்கு ஏன் செரமம்" என்று எழுதி அனுப்பினேன். 'மூலத்தில் இருக்கும் கனம் இதில் வரவில்லையே சார்' என்று பதில் போட்டிருக்கிறார்.