ஏர் வாங்கும் வண்டி

பழைய டீசல் லாரியைப் படுக்கப் போடும் கோளாறுகளில் ஆளைப் பைத்தியமாக்குவது காற்றுதான். டேங்க் நிறைய டீசல் இருக்கும். பேட்டரி புதிது. செல்ஃப் ஜோராகச் சுற்றும். வண்டி மட்டும் எடுக்காது. "ஏர் வாங்குதுண்ணே" என்று டிரைவர் சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்துவிடுவார். எங்கே வாங்குகிறது என்று தேடுவது மெக்கானிக்கின் தலைவிதி.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற சாலையில், குளத்தூர் தாலுகாவின் தலைமையிடமாக இருந்துகொண்டு ஊர்ப்பெயரைத் தாலுகாவுக்குக் கொடுக்காத கீரனூரில், இந்தத் தேடலைப் பல மாலைகளில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் கல் குவாரிகள், தைலமரக் காடுகள். ஜல்லியும் கட்டையும் ஏற்றியே வயதான லாரிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்ட் காமெட் வகை வண்டிகள் ஒரு காலத்தில் இந்தச் சாலையை ஆண்டன. சேஸிஸ் கம்பெனியுடையது, கேபின் ஏதோ ஓர் ஊர் ஆசாரி மரத்தில் கட்டியது. டிரைவருக்குப் பக்கத்திலேயே எஞ்சின் மூடி. அதைத் தூக்கினால் கேபினுக்குள் அடுப்பைத் திறந்த மாதிரி ஒரு வெக்கை வரும். இன்று அவை அருகிவிட்டன. எஞ்சியவற்றில் ஒன்று பட்டறைக்கு வந்தால் வயதான மெக்கானிக்குகள் முகத்தில் சலிப்பும் பாசமும் சேர்ந்தே தெரியும்.

இந்தக் கோளாற்றின் நயம் அதன் ஒளிந்திருக்கும் திறமையில் இருக்கிறது. டீசல் டேங்க் சேஸிஸில் தாழத் தொங்குகிறது. எஞ்சினோடு ஒட்டிய ஃபீட் பம்ப் அங்கிருந்து டீசலை உறிஞ்சி மேலே கொண்டுவர வேண்டும். பம்புக்கு அப்பால் குழாயில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டும். தரை நனையும், கண்டுபிடித்துவிடலாம். பம்புக்கு முன்னால் விழுந்தால்? அங்கே இருப்பது உறிஞ்சும் பக்கம். ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். குழாயின் வெளிப்புறம் பட்டுப்போலக் காய்ந்து கிடக்கும். ராத்திரி வண்டியை நிறுத்தினால், அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, குழாயில் நின்ற டீசல் சத்தமில்லாமல் டேங்குக்கே இறங்கிவிடும். நேற்று மாலை ராஜா மாதிரி வந்து நின்ற வண்டி காலையில் அனாதையாய்க் கிடப்பது இதனால்தான். ஈரம் தெரிகிற இடத்தில் குற்றவாளி இல்லை. காய்ந்த இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். நல்ல துப்பறியும் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

கொஞ்சம் காற்றுக்கு ஏன் இத்தனை அதிகாரம் என்று கேட்டால், பதில் மைக்கோ பம்ப் என்கிற இன்ஜெக்ஷன் பம்புக்குள் இருக்கிறது. 1951-இல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கம்தான் மைக்கோ. கம்பெனி பெயரைப் பிறகு பாஷ் என்று மாற்றிக்கொண்டாலும் பட்டறைகள் மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பம்பில் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு பிளஞ்சர்கள் வரிசையாக நிற்கின்றன. பிளஞ்சருக்கும் அதன் பேரலுக்கும் நடுவில் ரப்பர் இல்லை, வளையம் இல்லை. இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளிதான் டீசலைக் கசியவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. நம் தலைமுடி ஏறத்தாழ எழுபது மைக்ரான். ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்த்த ஜோடிகள் என்பதால் கழற்றிக் கழுவும்போது மாற்றிப் போடக் கூடாது. பம்ப் கடைக்காரர் ஆறு ஜோடியையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துக் கழுவுவதைப் பார்த்தால் நகைக்கடையில் இருக்கிறோமோ என்று தோன்றும். தட்டில் ஒரு தூசி விழுந்தால் அவர் முகம் போகிற போக்கும் அப்படித்தான்.

ஒரு தடவைக்கு ஒரு பிளஞ்சர் அனுப்புகிற டீசல் ஒன்றிரண்டு சொட்டு. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் 1,000 முறை அந்தச் சொட்டை, ஏறத்தாழ இருநூறு மடங்கு காற்றழுத்தத்தில், நாசிலின் ஊசித்துளை வழியே புகையாகப் பீய்ச்ச வேண்டும். டீசலை நெருக்கினால் அது அமுங்காது, அழுத்தத்தை அப்படியே கடத்தும். காற்று நெருக்கினால் சுருங்கும், விட்டால் விரியும். குழாயில் ஒரு குமிழ் உட்கார்ந்துவிட்டால் பிளஞ்சர் எத்தனை தள்ளினாலும் குமிழ் சுருங்கி விரிந்து விளையாடிக்கொண்டிருக்கும். நாசில் திறக்காது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினைக் கட்டியபோது எண்ணெயைச் சிலிண்டருக்குள் செலுத்தியதே காற்றை வைத்துத்தான். ஒரு கம்ப்ரஸர் அழுத்திய காற்று, எண்ணெயை ஊதி உள்ளே தள்ளும். ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் 1893-இல் முதல் எஞ்சினை வெடிக்கவைத்தபோது அழுத்தமானி சிதறிப் பறந்தது. ஒழுங்காக ஓடி உலகத்துக்குக் காட்டத் தகுந்த எஞ்சின் வந்தது 1897-இல். நடுவில் நாலு வருஷம் கழற்றுவதும் மாட்டுவதும்தான். வண்டி எடுக்கவில்லை என்று மத்தியானத்துக்குள் பொறுமை இழக்கிறவர்கள் இதைக் கேட்டு ஆறுதல் கொள்ளலாம். 1927-இல் ராபர்ட் பாஷின் கம்பெனி இன்ஜெக்ஷன் பம்பைப் பெருமளவில் செய்ய ஆரம்பித்த பிறகு கம்ப்ரஸர் இல்லாத டீசல் எஞ்சின் லாரிகளில் பரவியது. அன்றுமுதல் காற்று எதிரி.

அந்த எதிரியை வெளியேற்றுவதற்குப் பெயர் ஏர் எடுப்பது. பார்ப்பவருக்கு அது வெறும் நட்டுத் திருகல். கூர்ந்து பார்த்தால் அதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஃபில்டரின் தலையிலுள்ள ஸ்க்ரூவை ஒரு சுற்று தளர்த்த வேண்டும். ஃபீட் பம்பின் கைக்குமிழைத் திருகி விடுவித்து, கையால் அடிக்க வேண்டும். முதலில் சீறல், பிறகு நுரை. நுரை சோப்புத் தண்ணீர்போல வெளுத்து வந்து, மெல்ல மெல்ல இளமஞ்சளாகத் தெளிந்து, கயிறு திரித்தாற்போல உடையாமல் வழியும். வழியும்போதே ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். அடிப்பதை நிறுத்திவிட்டு முறுக்கினால் அந்த அரை நொடியில் காற்று மறுபடி ஒரு வாய் குடித்துவிடும். அடுத்தது மைக்கோ பம்பின் ஸ்க்ரூ. கடைசியில் நாசில் குழாய்களின் நட்டு. இந்த வரிசை மாறினால் செய்தது வீண். கடைசியாக அந்தக் கைக்குமிழை மறக்காமல் உள்ளே முறுக்கிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக்குப் புது வாசல் அதுதான். ஒரு கை அடிக்க, ஒரு கை முறுக்க, இரண்டும் ஒருவருடையதே என்றால் இன்னும் அழகு.

எடுத்த ஏர் திரும்பத் திரும்ப வருகிறது என்றால்தான் ஆத்திரம் தொடங்கும். வெயில் தகரக் கூரையில் இறங்கியிருக்கும். லாரி ஓனர் போன் மேல் போன் போடுவார். கைதவறி ஒரு வாஷர் சேஸிஸ் இடுக்கில் விழும். உதவிக்கு நிற்கிற பையன் பதினாலாம் நம்பர் ஸ்பேனர் கேட்டால் பன்னிரண்டை எடுத்துக் கொடுப்பான். இந்த நேரத்தில் சுத்தியலை எடுக்கிற மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வேஸ்ட் துணியால் விரல் ஒவ்வொன்றாகத் துடைப்பார். நகக்கண்வரை. பிறகு, "தம்பி, அந்த அஞ்சு லிட்டர் கேனை எடு" என்பார்.

கேனில் டீசலை ஊற்றி, கேபின் கூரையோரம் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு ட்யூபை நேராக ஃபீட் பம்புக்கு மாட்டுவார். டேங்கும் பழைய குழாயும் இப்போது ஆட்டத்தில் இல்லை. மேலிருந்து டீசல் தானே இறங்குகிறது, உறிஞ்ச வேண்டியதில்லை. வண்டி எடுத்து, நின்று ஓடினால், குற்றம் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில். ஓடாவிட்டால் பம்புக்கு இந்தப் பக்கம். ஒரு கேனும் ஒரு ட்யூபும் பிரச்சினையைப் பாதியாக வெட்டிவிட்டன. இவரைப் பொறுமைசாலி என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் அவர் எப்படி என்று அவர் மனைவியைக் கேட்டால் வேறு கதை வரும். பட்டறையில் கோபத்துக்கு இடமில்லாமல் போவது, அடுத்து செய்ய வேண்டிய வேலை எப்போதும் கைவசம் இருப்பதால்.

கீரனூரிலிருந்து தெற்கே நார்த்தாமலைப் பக்கம் கருங்கல் உடைப்பவர்களிடமும் இந்த நிதானத்தையே பார்க்கலாம். பாறையில் வரிசையாகக் குழி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆப்பு வைத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரே அளவில் தட்டிக்கொண்டே போவார்கள், திரும்ப வருவார்கள். ஓங்கி ஒரே இடத்தில் அடிப்பவனுக்குக் கோணலாகப் பிளக்கும். பல்லவர், முத்தரையர், சோழர் காலமெல்லாம் கல் கொடுத்த மண்ணில் பழகிய கை, லாரிக்கு வந்தபோதும் அதே நிதானத்தோடு வந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன். நிரூபிக்கச் சொன்னால் என்னால் ஆகாது.

சின்னப் பொருள்களில்தான் இந்த வேலையின் சுவை. குழாய் சேருமிடத்தில் ஹாலோ போல்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு காப்பர் வாஷர். முறுக்கி முறுக்கி அது இறுகிப்போனால் காற்றுக்கு வழிவிடும். புதிது வாங்கத் திருச்சிக்கு பஸ் ஏற வேண்டும் என்றால், பழையதைக் கம்பியில் கோர்த்து, செக்கச்செவேலென்று காய்ச்சி, தண்ணீரில் போடுவார். சுரீரென்று ஒரு சத்தம். எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தால் மெழுகுபோல இளகியிருக்கும். உளியை இதேபோலக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கெட்டிப்படும். செம்போ பதமாகிறது. டேங்கில் மயிரிழை வெடிப்பு என்றால் துணி துவைக்கிற பார் சோப்பைப் பிசைந்து அப்புவார்கள். டீசல் சோப்பைக் கரைக்காது. ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும்.

எடுத்த வண்டி ஒரு சிலிண்டரில் மிஸ் அடித்தால் எது என்று பார்க்க இன்னொரு வித்தை. ஓடிக்கொண்டிருக்கும்போதே நாசில் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் இறங்கித் தள்ளாடும். எதைத் தளர்த்தியும் எஞ்சினுக்கு ஒன்றுமே தெரியவில்லையோ, அது ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர். இல்லாததைக் கண்டுபிடிக்க இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் இந்தத் தர்க்கத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்று தெரியவில்லை. இன்றைய காமன் ரயில் எஞ்சின்களில் இதைச் செய்யக் கூடாது. காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்கைத் தாண்டிய அழுத்தத்தில் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஸ்கேனர் மாட்டிக் கோளாறு எண்ணைப் படிக்கிறார்கள். புகை குறைந்திருக்கிறது. அதை மறுப்பதற்கில்லை, கரும்புகையை விழுங்கியபடி பழைய வண்டிகளுக்குக் கண்ணீர் விட நான் தயாரில்லை. ஆனால் காதுக்கு இருந்த வேலை போய்விட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது டாப்பெட் வைக்கிற, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்கிற, கணக்கு. ஆறு சிலிண்டர் எஞ்சின் வெடிக்கிற வரிசை ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நாலு. பையன்களுக்கு இதை முதல் வாரமே மந்திரமாய் உருவேற்றிவிடுவார்கள். பாதியில் மடித்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு நேரே ஆறு, ஐந்துக்கு நேரே இரண்டு, மூன்றுக்கு நேரே நாலு. எதைக் கூட்டினாலும் ஏழு. அந்த ஜோடி பிஸ்டன்கள் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். ஆகவே ஆறாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் அந்த ஆட்டத்தில் இருக்கும்போது, முதலாவதின் டாப்பெட் இரண்டும் தளர்ந்து நிற்கும். ஃபீலர் கேஜை அங்கே நுழைத்து அளவு வைக்கலாம். தகடு தாராளமாக ஓடக் கூடாது, சிக்கவும் கூடாது. "வெண்ணெயில கத்தி போற மாதிரி இருந்தா லூசு" என்பார். எஞ்சினைக் கம்பியால் கொஞ்சம் சுற்றி, அடுத்த ஜோடி. காகிதம், பேனா எதுவும் கிடையாது.

எல்லாம் முடிந்து வண்டி எடுத்துவிட்டால் டிரைவர் ஹாரன் அடித்து மகிழ்வார். மெக்கானிக் எஞ்சின் மூடியைப் போட மாட்டார். ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கச் சொல்வார். டீ வரும். குடித்து முடித்து, வேறு ஒரு வண்டியின் பிரேக்கைப் பற்றிப் பேசி, நிதானமாக எழுந்து மறுபடி போடச் சொல்வார். முதல் தடவை எடுப்பது கையால் அடித்து நிரப்பிய டீசலில். இரண்டாம் தடவை எடுத்தால் ஓரளவு நம்பலாம்.

ஒரு மாலை, இரண்டாம் தடவையும் வண்டி அரைச் சுற்றில் எடுத்தது. ஓனர் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து, "எவ்வளவுண்ணே?" என்றார்.

"இப்ப வேணாம். ராத்திரி வீட்டு வாசல்ல நிறுத்துங்க. காலையில செல்ஃப் போட்டு, எடுத்தா வந்து குடுங்க. எடுக்கலேன்னா போன் பண்ணுங்க, நான் வர்றேன்."

"டீக்காசாவது வாங்கிக்கங்க."

"அது டிரைவர் தம்பி குடுத்துருச்சு."

ஓனர் பணத்தை மடித்து உள்ளே வைத்தார். மெக்கானிக் பையனிடம் திரும்பி, விழுந்த வாஷரைச் சேஸிஸ் இடுக்கிலிருந்து எடுத்தானா என்று கேட்டார். அவன் எடுத்திருக்கவில்லை.