திரும்புதல்: வேர்ட்ஸ்வொர்த்தும் கிளேரும்

இளம் வயதில் வாழ்ந்த கிராமத்துக்குத் திரும்பிப் போய் நிற்பதும், நின்று பார்த்ததை எழுதுவதும் ஆங்கிலக் கவிதையில் ஏறக்குறைய ஒரு தனி வகையாகவே ஆகிவிட்டது. இதைப் பற்றிப் பேசுகிற விமர்சகர்கள் நினைவு, இழப்பு, காலம் என்கிற வார்த்தைகளைத் தாராளமாகவே செலவழிக்கிறார்கள். ஆனால் ஒரு சின்னக் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிறது. மாறியது எது? போனவனா, ஊரா? இரண்டும் ஒன்றல்ல. ஒன்று மனதின் சமாச்சாரம். மற்றது சட்டத்தின் சமாச்சாரம். இரண்டையும் ஒரே ஏக்கமாகக் கலந்துவிடுகிற பழக்கத்துக்கு வேர்ட்ஸ்வொர்த்தைக் காரணம் சொல்வது நியாயமாகாது. அவரை நாம் படித்த விதம்தான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

வேர்ட்ஸ்வொர்த் 1779 முதல் 1787 வரை, அதாவது ஒன்பது வயதிலிருந்து பதினேழு வயதுவரை, ஹாக்ஸ்ஹெட் என்கிற ஏரிப்பிரதேசத்துச் சிற்றூரில் பள்ளியில் படித்தார். பள்ளிக்காலத்தில் அவருக்குச் சோறு போட்டு இடம் கொடுத்தவள் ஆன் டைசன் என்கிற வயதான பெண்மணி. தாய் 1778-இல் இறந்துவிட்டாள். தகப்பனார் 1783 டிசம்பரில் இறந்தார். ஆக, வீடு என்று அவருக்கு இருந்தது அந்தக் கிழவியின் வீடுதான். கேம்பிரிட்ஜில் ஒரு வருஷம் கழித்து, 1788 கோடை விடுமுறையில் அங்கே திரும்பிப் போனதை 'பிரிலூட்' காவியத்தின் நாலாம் பகுதி சொல்கிறது.

இந்தப் பகுதியை நினைவேக்கத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறவர்கள் அதைக் கவனமாகப் படித்திருப்பார்களா என்பதே சந்தேகம். அங்கே ஏக்கம் மிகக் குறைவு. ஒரு மெல்லிய கூச்சம்தான் இருக்கிறது. பையன் பட்டணத்து உடுப்போடு வந்திருக்கிறான். ஊரார் எதிரே அந்த உடுப்பு அவனுக்கு உறுத்துகிறது. கிழவி பைபிளைப் படித்தபடியே தூங்கிப்போவதைப் பார்க்கிறான். முன்பும் பார்த்ததுதான், ஆனால் இப்போதுதான் அவள் ஒரு தனி ஆள் என்று புலப்படுகிறது. குழந்தைகள் வளர்ந்திருக்கின்றன. வெயிலில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் சிலரின் இடம் காலியாக இருக்கிறது. தோட்டத்தில் கல் பாவிய கால்வாய்க்குள் அடங்கி ஓடுகிற மலையோடையைப் பார்த்து, தன் கேம்பிரிட்ஜ் வாழ்க்கையைக் கிண்டல் செய்ய இது உதவியிருக்குமே, அன்றைக்குத் தோன்றவில்லையே என்று, எழுதும்போது சொல்லிக்கொள்கிறார். இத்தனையிலும் ஊர் அப்படியே இருக்கிறது. பழைய கட்டிலும் அதே ஜன்னலும் அவனுக்காகக் காத்திருக்கின்றன. ஊர் நிலைத்து நிற்பதால்தான் தான் நகர்ந்த தூரத்தை அவனால் அளக்க முடிகிறது. இது ஒரு அளவுகோல், அவ்வளவுதான்.

அந்தப் பகுதி முடிகிற இடத்தில் வரும் சிப்பாயைக் கவனிக்க வேண்டும். இரவு. ஆளில்லாத சாலை. பட்டாளத்திலிருந்து விலக்கப்பட்ட, நெடிய, எலும்பும் தோலுமான ஒருவன் மைல்கல்லில் சாய்ந்து நிற்கிறான். வெப்பத் தீவுகளில் சேவகம் செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறான். ஆக, இங்கே திரும்புகிறவர்கள் இரண்டு பேர். புத்தக வாசனையோடு வந்த பையன் ஒருவன். சாம்ராஜ்யம் பிழிந்து துப்பிய ஒருவன் மற்றவன். பையன் அவனை ஒரு கூலிக்காரனின் குடிசையில் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறான். சிப்பாய் எந்த ஊருக்குப் போனான், அந்த ஊர் இருந்ததா என்று கவிதை கேட்பதில்லை. கேட்காமல் விட்டதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மௌனத்தின் மறுபக்கத்தில் இன்னொருவரின் முழு வாழ்க்கையும் இருக்கிறது. அவரிடம் பிறகு வருகிறேன்.

ஊர் மாறியதை வேர்ட்ஸ்வொர்த் பார்க்கவே இல்லை என்பதல்ல. ஹாக்ஸ்ஹெட் சதுக்கத்தில் ஒரு முரட்டுப் பாறை இருந்தது. ஒரு கிழவி நெடுங்காலம் அதன் மேல் கடை பரப்பியதால் அவள் பெயராலேயே அது அழைக்கப்பட்டது. பின்னொரு முறை திரும்பி வந்தபோது கல் இல்லை. அதை உடைத்து, பழைய இடத்தில் பளபளப்பான ஒரு பொது மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். அந்த மண்டபம் 1790-இல் கட்டியது, இன்றும் நிற்கிறது. கவி என்ன செய்கிறார்? புது மண்டபத்தின் ஆட்டபாட்டத்தை லேசான எரிச்சலோடு வாழ்த்திவிட்டு, தன் நினைவு கிழவியோடும் கல்லோடும் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். கல் போனால் என்ன, கல்லின் ஞாபகம் தன்னிடம் பத்திரமாக இருக்கிறது. இந்தத் தைரியம் சாதாரணமானதல்ல. அவருடைய கவிதைக் கொள்கை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. வெளியே உள்ளது அழிந்தாலும் உள்ளே உள்ளது கைவிடாது.

இந்தக் கொள்கை மலிவான ஆறுதலாக ஆகாமல் காப்பாற்றுவது 1783 டிசம்பர் சம்பவம். விடுமுறைக்கு வீட்டுக்கு அழைத்துப்போகக் குதிரைகள் வரவேண்டும். பதின்மூன்று வயதுப் பையன் மேட்டில் ஏறி, இரண்டு சாலைகளில் எதில் வரும் என்று தெரியாமல், பொறுமையற்றுக் காத்திருக்கிறான். ஒற்றை ஆடு, ஒரு முள்மரம், ஒரு கல்சுவர், காற்று, பனிமூட்டம். வீடு போய்ச் சேர்ந்து பத்து நாளுக்குள் தகப்பனார் இறந்துவிடுகிறார். ஆசைப்பட்டதற்குத் தண்டனை என்று பையன் எடுத்துக்கொள்கிறான். பிறகு வாழ்நாள் முழுக்க அந்த மேட்டுக்கு, அந்த ஆட்டுக்கும் சுவருக்கும், மனத்தால் திரும்பிப் போய்த் தாகம் தீர்த்துக்கொண்டதாக எழுதுகிறார். குற்றவுணர்ச்சியில் போய்த் தண்ணீர் குடிக்கிற மனிதர் இவர். அழகான இயற்கைக்காட்சி என்று இதற்குப் பெயர் வைத்த பாடப்புத்தகங்களை என்ன சொல்வது.

இத்தனை பெருமையும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. மேடு அங்கேயே இருக்க வேண்டும். அதில் ஏற யாரும் தடுக்கக் கூடாது. வேர்ட்ஸ்வொர்த்துக்கு அது வாய்த்தது. 1799 டிசம்பரில் கிராஸ்மியரில் குடியேறினார். 1850-இல் சாகும்வரை அந்தப் பிரதேசம்தான். 1844-இல் கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு ரயில் பாதை போடப்போகிறார்கள் என்றதும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி எதிர்த்தார். தொழிற்பட்டணத்து ஜனங்கள் கூட்டமாக வந்தால் ஏரிகளைப் பார்க்கும் பக்குவம் அவர்களுக்கு இருக்காது என்பது அவர் வாதம். ரயில் 1847-இல் வந்துவிட்டது. மேட்டைக் காப்பாற்றப் புறப்பட்டவர் மற்றவர்களின் வருகையைத் தடுக்க நின்றார் என்பது அவருடைய ரசிகர்கள் பேசப் பிரியப்படாத விஷயம்.

இனி ஜான் கிளேர். 1793-இல் நார்த்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில், கதிரடிக்கும் கூலிக்காரருக்குப் பிறந்தார். அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. ஊர்தான் அவரைவிட்டுப் போயிற்று. 1809-இல், அவருடைய பதினாறாவது வயதில், ஹெல்ப்ஸ்டனையும் சுற்றுக் கிராமங்களையும் அடைத்து வேலியிடப் பார்லிமெண்ட் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அதற்கு முன் அந்த ஊர் நிலம் மூன்று பெரிய திறந்த வயல்வெளிகளாக இருந்தது. ஒவ்வொரு குடியானவனுக்கும் அவற்றில் அங்கங்கே துண்டு நிலங்கள். புறம்போக்கில் மாடு மேயலாம், விறகு பொறுக்கலாம், எந்தப் பாதையிலும் நடக்கலாம். கமிஷனர்கள் வந்து அளந்து, சதுரமும் நீள்சதுரமுமாகப் பிரித்து, இன்னின்னாருக்கு இவ்வளவு என்று எழுதினார்கள். மேய்ச்சலுக்குப் பத்திரம் வைத்திராதவனுக்கு எதுவும் இல்லை. இறுதித் தீர்வு 1820-இல் வந்தது. கிளேரின் முதல் கவிதைத் தொகுதி வெளிவந்ததும் அதே 1820-இல்தான். இன்னொன்றும் உண்டு. வேலி போடவும் முள்செடி நடவும் கூலிக்குப் போனவர்களில் கிளேரும் ஒருவர். தன் பால்யத்தைச் சுற்றித் தானே வேலி நட்டுக் கூலி வாங்கிய கவி வேறு எங்காவது இருக்கிறாரா?

அந்த முதல் தொகுதியிலேயே சொந்த ஊரைப் பற்றிய கவிதையில் செல்வத்தைச் சபிக்கிற சில வரிகள் இருந்தன. ராட்ஸ்டாக் பிரபு என்ற புரவலருக்கு அவை ராஜதுரோகமாகப் பட, பிந்திய பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ஏக்கம் அச்சில் தங்கியது, காரணம் வெட்டுப்பட்டது. கிளேரைப் படித்த விமர்சனத்தின் கதையையே இப்படிச் சுருக்கிச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

மொழியைப் பாருங்கள். வேர்ட்ஸ்வொர்த்தின் வாக்கியத்துக்கு ஒரு மேடு தேவை. கிளை வாக்கியங்களை அடுக்கி, அன்று அப்படி, இன்று இப்படி என்று தூரத்தைக் கட்டி, உச்சியிலிருந்து பார்க்கிற வாக்கியம் அது. கிளேரிடம் மேடு கிடையாது. ஹெல்ப்ஸ்டன் பக்கம் பூமியே தட்டை. கையெழுத்துப் பிரதிகளில் நிறுத்தக்குறிகள் அநேகமாக இல்லை. ஒரு பறவை, ஒரு வேலிக்கதவு, ஒரு பையன், ஒரு குட்டை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, முன்பின் இல்லாமல், ஒரே தளத்தில் வருகின்றன. ஜான் பேரல் 1972-இல் எழுதிய நூலில் கிளேரின் வாக்கியத்தையும் திறந்தவெளி வயலையும் சேர்த்துப் படித்தது எனக்கு இன்றும் ஒத்துக்கொள்ளத் தக்கதாகவே இருக்கிறது. இப்படிப்பட்ட மொழியில் திரும்பிப் பார்ப்பது என்பதே கஷ்டம். திரும்பிப் பார்க்கத் தள்ளி நிற்க வேண்டும். கிளேரால் பெயர்களைச் சொல்லத்தான் முடியும். லாங்லி புஷ், ரவுண்ட் ஓக், ஸ்வார்டி வெல், கௌப்பர் கிரீன் என்று அவர் கவிதைகளில் வருகிற இடப்பெயர்கள் நமக்கு எதையும் சொல்வதில்லை. அவர் விளக்குவதுமில்லை. கமிஷனர்களின் வரைபடத்துக்கு எதிராக வாயால் சொல்லப்பட்ட இன்னொரு வரைபடம் அது. ஸ்வார்டி வெல்லைப் பற்றிய கவிதையில் அவர் பேசுவதுகூட இல்லை. அந்த நிலமே, தர்ம நிலையத்தில் விழுந்த ஏழையைப் போல், தன் வாயால் தன் கதையைச் சொல்கிறது.

1832-இல் புரவலர்கள் அவருக்கு நார்த்பரோவில் நல்ல வீடு ஒன்று பார்த்துக் கொடுத்தார்கள். ஹெல்ப்ஸ்டனிலிருந்து மூன்றே மைல். இந்த மூன்று மைலுக்காகவா இவ்வளவு புலம்பல் என்று கேட்டவர்கள் உண்டு. சிறுவயதில் ஒருநாள் உலகத்தின் விளிம்பைத் தேடிப் புதர்க்காட்டுக்குள் நடந்து போனதை அவர் எழுதியிருக்கிறார். பழக்கப்பட்ட இடத்தைத் தாண்டியதும் சூரியனே திசை மாறிவிட்டதாகத் தோன்றியதாம். அறிவு என்பது அவருக்கு இன்ன மரம், இன்ன வளைவு என்று ஸ்தலத்தோடு ஒட்டியது. அப்படிப்பட்டவருக்கு மூன்று மைல் என்பது அந்நிய தேசம்.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1973-இல் வெளியிட்ட, கிராமத்தையும் நகரத்தையும் பற்றிய புத்தகத்தில் ஒரு சாமர்த்தியமான சோதனை செய்கிறார். பழைய இங்கிலாந்து இப்போதுதான் மறைந்தது என்று 1930-களில் சொன்னவர்களிலிருந்து தொடங்கி, நகரும் படிக்கட்டில் இறங்குவதுபோல் ஹார்டி, ஜார்ஜ் எலியட், கிளேர், கோல்ட்ஸ்மித் என்று பின்னால் போனால், ஒவ்வொரு தலைமுறையும் தன் பிள்ளைப்பருவத்தோடுதான் பொற்காலம் முடிந்ததாகச் சொல்கிறது. படிக்கட்டு நிற்பதே இல்லை. போலி ஏக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. கிளேரிடம் பால்யமும் நிலமும் ஒன்றாகக் கலந்துபோவதையும் வில்லியம்ஸ் கவனிக்கிறார். எனக்கு இங்கே ஒரு மறுப்பு உண்டு. கலந்தது கிளேர் அல்ல. பதினாறு வயதில் பால்யம் முடிவதும் சட்டம் வருவதும் ஒரே வேளையில் நடந்தன. படிக்கட்டின் மற்ற படிகளில் இருப்பது மனோபாவம். இந்தப் படியில் ஒரு தேதியும், ஒரு சட்டமும், சங்கிலி பிடித்து அளந்த ஆட்களும் இருக்கிறார்கள்.

வேர்ட்ஸ்வொர்த்தைக் கல்லூரியில் பாடமாகப் படித்து வந்த நமக்கும் இதில் பங்கு உண்டு. ஊர் திரும்பும் தமிழ்க் கவிதைகள் எத்தனை வந்துவிட்டன! பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன், இல்லாத புளியமரம், வற்றிய குளம், கடைசியில் தன்னையே பார்த்து ஒரு பெருமூச்சு. மரம் யார் பட்டாவில் இருந்தது, குளத்தை யார் வளைத்தார்கள் என்று கேட்டால் கவித்துவம் கெட்டுவிடும் என்ற பயம். நம்முடைய இழப்பு கிளேருடையது, பாவனை மட்டும் வேர்ட்ஸ்வொர்த்துடையது. அதுவும் குதிரைக்குக் காத்திருந்த வேர்ட்ஸ்வொர்த் அல்ல. மஞ்சள் பூக்களின் வேர்ட்ஸ்வொர்த்.

கிளேர் ஒரே ஒரு முறைதான் உண்மையில் திரும்பிப் போனார். 1837-இல் அவரை எஸ்ஸெக்ஸில் ஹை பீச் என்ற இடத்து மனநோய் விடுதியில் சேர்த்திருந்தார்கள். 1841 ஜூலை 20 அன்று அங்கிருந்து வெளியேறி, கையில் காசில்லாமல், ஏறக்குறைய 80 மைல் நடந்தார். பள்ளிப் பருவத்தில் நேசித்த, கிளின்டன் கிராமத்து மேரி ஜாய்ஸைத் தன் முதல் மனைவி என்று அவர் நம்பினார். அவளிடம்தான் போய்க்கொண்டிருந்தார். முதல் இரவு தீவனக்கட்டுகளின் மேல் படுத்தபோது, காலையில் திசை தவறக் கூடாதென்று தலையை வடக்கே வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் சாலையோரத்துப் புல்லைத் தின்றார். ரொட்டி மாதிரி இருந்ததாம். இந்த நடையைப் பற்றி அவர் எழுதிய சில பக்க உரைநடையில் ஒரு சொட்டு ஏக்கம் இல்லை. எங்கே படுத்தார், யார் ஒரு பென்னி போட்டார்கள், செருப்பு எப்படிப் பிய்ந்தது. முழுப் பைத்தியத்தின் நடுவில் இவ்வளவு தெளிவான உரைநடை எனக்கு வேறெங்கும் அகப்படவில்லை.

ஊர் நெருங்குகையில் எதிரே ஒரு வண்டி வந்தது. அதிலிருந்து குதித்து ஒரு பெண் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். குடித்திருக்கிறாள் அல்லது பைத்தியம் என்று நினைத்தார். அது அவருடைய மனைவி பேட்டி. மேரி இறந்துவிட்டாள் என்று சொன்னார்கள். 1838-இல் ஒரு தீவிபத்தில் போய்விட்டாள். அவர் நம்பவில்லை. சில நாள் கழித்து உட்கார்ந்து, நடந்த வழியை வரிசையாக எழுதி முடித்து, ஜூலை 27 என்று தேதியிட்டு, கிளின்டனிலுள்ள மேரி கிளேருக்கு என்று விலாசம் எழுதினார்.