வாங்கலாமா, வேண்டாமா?

டிஜிட் இதழை சிடிக்காக வாங்கின காலத்தில் கேம் விமர்சகருக்கு வேலை ஒன்றுதான்: காசு போடலாமா, வேண்டாமா? கிராபிக்ஸுக்கு மார்க், சவுண்டுக்கு மார்க், முடிஞ்சது. இன்று பென்னலூரில் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிறவர் போனில் கேம் இலவசம். மார்க் எதுக்கு? ஸ்ட்ரீமர் விளையாடிக் காட்டினால் போதும். (அவர்களின் பேச்சுத் தமிழ் எனக்குப் பிடிக்கும்.)

ஆனால் 2023இல் ‘வெண்பா’ வந்தது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பு. ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறதே என்று சில ஆங்கில விமர்சனங்கள் கணக்குப் பார்த்தன. நம்ம ஸ்ட்ரீமர்களில் நான் பார்த்தவர்கள் ‘தமிழ் கேம்’ என்று கைதட்டிவிட்டு நகர்ந்தார்கள். புட்டுக் குழலில் எதை முதலில் போடணும் என்பது சமைக்கத் தெரிந்தவருக்குப் புதிரே இல்லை. வீட்டுச் சமையலை மறந்த பிள்ளைக்குத்தான் புதிர். கேமின் கஷ்டம் முழுக்க அங்கேதான் இருக்கு. 2024இல் பாஃப்டா கிடைத்த பிறகாவது யாராவது இதை உட்கார்ந்து எழுதியிருக்கலாம்.