கிள்ளான் கோரிக்கைகளும் நம் தோட்டக் கதைகளும்

தமிழிலக்கியத்தில் இரத்தலுக்கும் ஓர் இடம் உண்டு. வழக்குரைத்தலுக்கும் ஓர் இடம் உண்டு. பாணனும் புலவனும் புரவலன் வாயிலில் நின்று தம் சுற்றத்தின் பசியை எடுத்துரைப்பது முதல் வகை. பாண்டியன் அவையில் கண்ணகி நின்றது இரண்டாம் வகை. அவள் தன் ஊரைச் சொல்கிறாள், குடியைச் சொல்கிறாள், கணவன் பெயரைச் சொல்கிறாள், தான் வந்த வழக்கைச் சொல்கிறாள். தன் மீது இரக்கம் காட்டுமாறு அவள் மன்னனிடம் கேட்கவில்லை. வழக்குரை காதையை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் எவரும் இதனை மாணவர்க்கு எடுத்துக்காட்டத் தவறுவதில்லை. ஆயினும் அதே ஆசிரியர் மலாயாத் தோட்டத் தொழிலாளியைப் பற்றிப் பேசப் புகுந்தால், அவனைப் பெரும்பாலும் வாயிலில் நின்று இரப்பவனாகவே காட்டிவிடுகிறார். அவருக்குக் கிடைத்துள்ள கதைகள் அத்தகையன.

தொழிலாளி அவை நடுவே நின்று வழக்குரைத்த காலம் ஒன்று உண்டு. 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டும் தமிழர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும், அதன் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதனும் அவர்களுக்குத் துணை நின்றனர். கூலி பற்றி ஏப்ரல் மாதத்தில் ஓரளவு உடன்பாடு ஏற்பட்டது. அத்துடன் கிளர்ச்சி அடங்கிவிடும் என்று தோட்ட முதலாளிமார் எண்ணியிருக்கலாம். அவ்வாறு அடங்கவில்லை. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டதும் வேலைநிறுத்தம் மீண்டும் மூண்டு பரவியது. அரசு படையினரை வரவழைத்தது. சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். பலர் சிறைப்பட்டனர், வேறு பலர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு இறுதியிலேயே ஜப்பானியப் படை நாட்டில் இறங்கிவிட்டமையால், இப்போராட்டத்தின் நினைவு அதனைத் தொடர்ந்த பெருந்துன்பத்தின் அடியில் புதைந்து போயிற்று.

அப்போராட்டத்தில் முன்வைக்கப்பட்ட பன்னிரண்டு கோரிக்கைகள் வரலாற்று நூல்களில் பதிவாகியுள்ளன. வரலாற்று மாணவர் அவற்றைக் காரண காரியங்களுக்காகப் படிப்பர். இலக்கிய மாணவரும் அவற்றைப் படித்தல் வேண்டும். தோட்டத்து மனிதன் தன்னைப் பற்றி என்ன எண்ணினான், எதனை இழிவென்று கருதினான் என்பதற்கு இப்பட்டியலைப் போன்ற நேரான சான்று அரிது.

சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி வேண்டும் என்பது முதற்கோரிக்கை. கூலியை நேரே சுட்டும் கோரிக்கை பன்னிரண்டில் இது ஒன்றுதான். பத்து மணி, பன்னிரண்டு மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும் என்பது மற்றொன்று. கொடுமை செய்யும் கிராணிமார் முதலிய அதிகாரிகளை நீக்கித் தமிழ் தெரிந்தவரை அமர்த்துதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தகுந்த மருத்துவ வசதி, பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோதல், சங்கம் அமைத்தல், குறை சொன்னவரைப் பழிவாங்காமை என்று பட்டியல் விரிகிறது. வெள்ளைத் துரைமாரும் ‘கறுப்புத் துரைமாரும்’ தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் அதில் உண்டு. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் உண்டு.

இவற்றினிடையே ஒரு கோரிக்கை படிப்பவரைத் தடுத்து நிறுத்துகிறது. துரையோ பிற அதிகாரியோ எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் செல்ல அனுமதி வேண்டும் என்பதே அது.

இதனால் எவருக்கும் ஒரு காசு கூடுதலாகக் கிடைக்கப் போவதில்லை. எவர் வயிறும் நிரம்பப் போவதில்லை. ஆயினும் கூலி, மருந்து, பள்ளி ஆகியவற்றோடு ஒரே வரிசையில் அதனை வைத்தார்கள். சைக்கிள் தொழிலாளி தன் உழைப்பால் வாங்கிய பொருள், தோட்டம் கொடுத்ததன்று. அவன் வசிக்கும் லயம் தோட்டத்தினுடையது. வெட்டும் மரமும் ஏந்தும் வாளியும் தோட்டத்தினுடையவை. தனக்கென அவன் வைத்திருந்த மிகச் சிலவற்றுள் ஒன்றின் மீது அமர்ந்து செல்லும்போதும், தன் உடலை இன்னொருவன் கண்முன் தாழ்த்த வேண்டியிருந்தது. திருக்குறளில் மானம் என்றே ஓர் அதிகாரம் இருப்பதை மனனம் செய்யும் மாணவன், அச்சொல் மலாயா மண்ணில் எவ்வாறு வழங்கியது என்பதை இக்கோரிக்கையில் காணலாம். ஏட்டில் கற்ற மானத்துக்கும் செம்மண் சாலையில் காத்த மானத்துக்கும் உறவு காட்டுவது இலக்கியக் கல்வியின் வேலைகளுள் ஒன்று.

இனி நம் தோட்டக் கதைகளுக்கு வருவோம். அக்கதைகளின் பொதுப்போக்கு படிப்பவர் அறிந்ததே. விடியற்காலைப் பெரட்டு, மழை பெய்து வேலை நின்ற நாள், ஆயாக் கொட்டகையில் அழும் குழந்தை, கள்ளுக்கடையிலிருந்து தள்ளாடி வரும் தகப்பன், கண்ணில் காமமும் கையில் பிரம்பும் கொண்ட கங்காணி, பள்ளியை விட்டு நின்ற மூத்த மகள். இறுதியில் ஒரு சாவு, அல்லது ஊரை விட்டுப் போதல். இக்காட்சிகளுள் எதுவும் பொய்யன்று. இவற்றை எழுதியவர்களுள் பலர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களது நேர்மையை ஐயுறுவது அறமாகாது. ஐயுற வேண்டியது கதையின் கட்டுக்கோப்பையே.

கள்ளை எடுத்துக்கொள்க. கதையில் கள் ஒரு மனிதனின் பலவீனம். மனைவி அழுகிறாள், மகன் வெறுக்கிறான், குடிகாரன் திருந்துகிறான் அல்லது மடிகிறான். கோரிக்கைப் பட்டியலிலோ கள் ஓர் ஏற்பாடு. கடை தோட்டத்து எல்லைக்குள்ளேயே திறந்திருந்தது; கைக்கு வந்த கூலியின் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது; அதற்கு அரசின் இசைவும் இருந்தது. ஆகவே, குடிக்காதே என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்வதோடு பட்டியல் நிற்கவில்லை. கடையை மூடு என்று அதனை நடத்த இசைந்தவரை நோக்கிச் சொல்கிறது. கல்வியும் அவ்வாறே. கதையில் பிள்ளை படிக்காமல் போவதற்குத் தகப்பனின் அறியாமையோ குடும்பத்தின் வறுமையோ காரணம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே கூறியிருந்தது. அச்சட்டம் வந்து பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் ‘முறையான கல்வி’ என்று தொழிலாளர் கேட்டனர் என்றால், பள்ளி என்ற பெயரில் இருந்த கொட்டகையையும், கிராணியோ கங்காணியோ ஓய்ந்த வேளையில் பாடம் சொன்ன முறையையும் அவர்கள் பள்ளியாக ஏற்கவில்லை என்பதே பொருள். தமிழ்ப்பள்ளியின் வரலாற்றை எழுதுவோர் அதனை அரசின் ஆணைகளிலிருந்தும் முதலாளிமாரின் கொடையிலிருந்தும் தொடங்குவது வழக்கம். இக்கோரிக்கைக்கும் அதில் ஓர் அத்தியாயம் உரியது.

ஒரு தீய கங்காணி செத்தால் கதை முடிந்துவிடும். கங்காணி என்னும் பதவி எவருக்கு எதனைச் செய்யும் அதிகாரத்தை அளித்தது என்று பட்டியல் கேட்கிறது. ‘கறுப்புத் துரை’ என்ற சொல்லாட்சியை மட்டும் எண்ணிப் பார்த்தாலும் போதும். நிறம் நம்மவரது, அதிகாரம் அவர்களது, இரண்டும் ஓருடலில் கூடியதை ஒரு பெயரால் தொழிலாளி குறித்துவிட்டான்! இத்தகைய கூர்மையான பெயரீடு நம் கதைகளில் மிகக் குறைவு.

இரக்கத்தின் மரபு வந்த வழியையும் நோக்க வேண்டும். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதியார் பாடினார். கடலுக்கு அப்பாலிருந்து கேள்வியால் மட்டுமே அறிந்த துன்பம் அது. அழுகையே அங்குப் பொருந்திய குரல். பின்வந்தோர் அக்குரலை அப்படியே தோட்டத்திற்குள் கொண்டுவந்து, பக்கத்து லயத்தில் வசிப்பவனுக்கும் அதனையே பயன்படுத்தினர். தொலைவில் நின்றவருக்கு வாய்த்த குரல் அருகில் நின்றவருக்குப் போதாது. அருகில் இருப்பவனுக்கு வாதம் கேட்கும்; சிரிப்பும் கேட்கும்; கூட்டத்தில் ஒருவரோடு ஒருவர் முரண்படுவதும் கேட்கும்.

சயாம் மரண ரயிலைப் பற்றி நமக்குக் குறிப்பிடத்தக்க நாவல்கள் உண்டு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993ஆம் ஆண்டு வெளிவந்தது, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ பின்னர் வந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் பல்லாயிரம் தமிழர் சிக்கி மாண்ட அக்கொடுமையை இந்நாவல்கள் மறதியிலிருந்து மீட்டன, அது பெருந்தொண்டு. ஆயினும் சயாம் வாசகர் நெஞ்சில் பெற்ற இடத்தை அதற்கு ஓராண்டே முந்திய கிள்ளான் பெறவில்லை. இதற்கு எழுத்தாளரின் கவனக்குறைவைக் காரணமாகச் சொல்வது எளிது. உண்மைக் காரணம் கலை சார்ந்தது. சாவை எழுதுவதற்கு நம்மிடம் பழகிய நடை உண்டு. வேலைநிறுத்தத்தை எழுத அந்நடை உதவாது. அங்கே தலைவன் ஒருவனைச் சுற்றிக் கதை நகராது. அரிசி தீர்ந்த வீட்டுக்காரி வேலைக்குத் திரும்பலாம் என்பாள். அவள் தம்பி கூடாதென்பான். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கும். காந்தி குல்லா அணிய மறுத்தவனையும் கதை கோழை என்று ஒதுக்கிவிட முடியாது. பல குரலை ஒரே நேரத்தில் தாங்கும் உரையாடல் கலை நம் புனைகதையில் இன்னும் வளர வேண்டியிருக்கிறது.

கெடாவிலும் இவ்வாறே. போருக்குப் பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் ஏ. எம். சாமியின் தலைமையில் அங்குத் தொண்டர் படை எழுந்தது. இளைஞர் அணிவகுத்துப் பயின்றனர்; கள்ளுக்கடை மறியல் நடந்தது; சமூகச் சீர்திருத்தம் பேசப்பட்டது. பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் 1947இல் காவல் துறையோடு மோதல் நேர்ந்து உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. தொண்டர் படை குடிப்போரை வற்புறுத்தியது, அச்சுறுத்தியது என்ற குறைகூறலும் அக்காலத்திலேயே இருந்தது. நன்னோக்கமும் வன்மையும் ஒரே கையில் இருந்த அந்நிலையைவிடச் சிறந்த கருவை ஒரு நாவலாசிரியன் எங்கே தேடுவான்?

தொழிலாளர் தினத்தையும் பொங்கலையும் ஒட்டி நம் சங்கங்கள் நடத்தும் பேச்சுப் போட்டிகளும் கவியரங்குகளும் இவ்வகையில் கதைகளின் வழியிலேயே செல்கின்றன. மெழுகுவர்த்தியாய் உருகினான், உரமாய் மக்கினான், ஏணியாய் நின்றான் என்று உவமைகள் வரிசையாக வரும். (மெழுகுவர்த்திக்கு ஓய்வளிக்க ஒரு சங்கமாவது தீர்மானம் நிறைவேற்றலாம்.) இவ்வுவமைகள் அனைத்திலும் தொழிலாளி ஒரு பொருள், வாயில்லாதவன். கைதட்டல் பெறும் அம்மாணவனின் கையில் பன்னிரண்டு கோரிக்கைகளைக் கொடுத்து, அவற்றுள் ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் அவன் என்ன செய்வான்? அவன் தன் பாட்டியிடம் சென்று கேட்க வேண்டியிருக்கும். அதற்கும் காலம் குறுகி வருகிறது. தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறிவிட்டன. எஞ்சியுள்ளவற்றில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் மிகுதியாக வேலை செய்கின்றனர். உறவினர் வந்துபோக உரிமை, குறை சொன்னால் பழிவாங்காமை என்னும் வரிகளை அவர்கள் படித்தால் பழங்கதை என்று கருதமாட்டார்கள்.

பட்டியலைப் புகழ்வதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. அதற்கும் குறைகள் உண்டு. முதலாவது, நமக்கு அது வரலாற்று நூல்கள் வழியே, பெரும்பாலும் ஆங்கில வாயிலாக வந்து சேர்ந்துள்ளது. சைக்கிளிலிருந்து இறங்குவதைத் தொழிலாளி எந்தச் சொல்லால் குறித்தான், மானம் என்றானா, மரியாதை என்றானா, ரோசம் என்றானா என்பதை மொழிபெயர்ப்பு மறைத்துவிடுகிறது. முகமும் அதில் இல்லை; தயக்கமும் அச்சமும் இல்லை. அவற்றைத் தரவல்லது கதைதான்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. 1920களின் இறுதியில் வகுக்கப்பட்ட கூலி விகிதத்தில் ஆணுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. அவளும் இருளிலேயே எழுந்தாள். அவளும் அதே நிரையில் மரம் வெட்டினாள். அதற்குமேல் அடுப்பும் பிள்ளையும் அவள் பொறுப்பு. சீனனுக்கும் தமிழனுக்கும் இடையிலுள்ள வேற்றுமையை முதற்கோரிக்கையாக வைத்த பட்டியல், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலுள்ள பத்துக் காசு வேற்றுமையைக் குறிப்பிடவே இல்லை. பெண்ணின் மானத்தைக் காக்க ஒரு வரி உண்டு. அவள் கூலியைக் கேட்க ஒரு வரி இல்லை. எழுதப்படாத அந்தப் பதின்மூன்றாம் கோரிக்கையை நம் தோட்டக் கதைகளும், அவற்றின் அழுகின்ற தாய்மார் அத்தனை பேரோடும், இதுவரை தம் மையப் பொருளாக்கிக் கொள்ளவில்லை.